பேருக்கு முளைச்ச முறுக்கு மீசை!

உங்க கம்ப்யூட்டர்ல எம்.எஸ். வேர்டைத் திறங்க. ஃபான்ட் லிஸ்ட்டில் அப்படியே சரசரன்னு இறங்கி 'ஓ' வரிசைக்கு வாங்க. 'ஓல்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட்'னு ஒருத்தர் சத்தமில்லாம உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் சாஃப்ட்வேரோடு சேர்ந்தே வர்றவர்தான். உங்க பேரை இங்கிலீஷ்ல டைப் பண்ணி, செலக்ட் பண்ணி, அவரை ஒரு தட்டு தட்டுங்க. அடுத்த செகண்ட் உங்க பேருக்கு முறுக்கு மீசை முளைச்சிருக்கும்!

டிகிரி சர்ட்டிஃபிகேட் தலைப்புல, பைக் டேங்க் ஸ்டிக்கர்ல, மெட்டல் பேண்ட் டி-ஷர்ட்ல, ஜிம் பசங்க முழங்கைல பச்சையா... எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? அதேதான். இந்த ஜாதி எழுத்துக்களுக்கு மொத்தமா 'பிளாக்லெட்டர்'னு பேர். 'காத்திக்'னும் சொல்வாங்க. எனக்கும் இதுக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கு. அதை முதல்ல தீர்த்துடறேன்.

தேர்டு இயர் படிக்கும்போது டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு போஸ்டர் அடிக்கிற பொறுப்பு என் தலையில. ராத்திரி 10 மணிக்கு டி.டி.பி. சென்டர்ல உட்கார்ந்து, தலைப்புலேர்ந்து தேதி, இடம் வரைக்கும் எல்லாத்தையும் கேப்பிட்டல் லெட்டர்ல, ஓல்டு இங்கிலீஷ்ல போடச் சொன்னேன். "தம்பி, படிக்க வரலையேப்பா..."ன்னு இழுத்தார் கடைக்கார அண்ணன். "கெத்தா இருக்குல்ல, விடுங்கண்ணே"ன்னேன். கெத்தாத்தான் இருந்துச்சு. ஆனா, 'சி பிளாக்'னு போட்டிருந்ததைப் பாதிப் பேர் 'ஜி பிளாக்'னு படிச்சிட்டாங்க. வெளி காலேஜ்லேர்ந்து பஸ் பிடிச்சு வந்த ஒரு கேங் முக்கால் மணி நேரம் ஜி பிளாக் வாசல்ல நின்னுட்டு, "கேன்சல் ஆயிடுச்சு போல"ன்னு திரும்பியே போயிடுச்சு. இங்கே ஹால்ல சீஃப் கெஸ்ட் பேசறார், முன்வரிசையே காலி. எச்.ஓ.டி. என்னைப் பார்த்த பார்வை இருக்கே... இப்பவும் இந்த ஃபான்ட்டைப் பார்த்தா அவர் கண்ணாடிதான் ஞாபகத்துக்கு வரும்.

தப்பு ஃபான்ட் மேல இல்லை, என் மேலதான். இதுல கேப்பிட்டல் எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு தேர் மாதிரி. தெருவுக்கு ஒரு தேர் வந்தா கூட்டம் கும்பிடும். அதே தெருவுல பத்துத் தேரை வரிசையா நிறுத்தினா? டிராஃபிக் ஜாம்தான். சி, இ, ஜி, டி நாலும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிங்க மாதிரி ஒரே வளைவு, ஒரே கொம்பு. அந்தக் காலத்துல எழுதினவங்க கேப்பிட்டலை வரியோட தலையில ஒண்ணு போட்டுட்டு, மீதியைச் சின்ன எழுத்துல ஓட்டுவாங்க. எழுத்தோட டிசைனே அந்தக் கணக்குலதான் பிறந்தது.

பேனா வெட்டின வடிவம்

எப்படிப் பிறந்ததுன்னு பார்த்தா இன்னும் சுவாரஸ்யம். சுமார் 12-ம் நூற்றாண்டு ஐரோப்பா. புத்தகம்னா கையால எழுதறதுதான். தாளுக்குப் பதில் பதப்படுத்தின கன்றுத் தோல், ஆட்டுத் தோல். விலை எக்கச்சக்கம். ஒரு பக்கத்துல எவ்வளவு வார்த்தையை நெருக்க முடியுமோ அவ்வளவு லாபம். பேனா? பறவை இறகு. முனையைக் கூரா விடாம, பட்டையா வெட்டி வெச்சிருப்பாங்க. அதைச் சாய்ச்சுப் பிடிச்சு மேலிருந்து கீழே இழுத்தா தடிமனான கோடு, பக்கவாட்டில் நழுவவிட்டா மயிரிழைக் கோடு. வட்டம் போடறதுக்குப் பதிலா நேர்க்கோடுகளை உடைச்சு உடைச்சு ஒட்டவெச்சாங்க. எழுத்து ஒல்லியாச்சு, உயரமாச்சு, நெருக்கமாச்சு. பக்கமே கறுத்துப்போச்சு. 'பிளாக்லெட்டர்'ங்கிற பேரும் அந்தக் கறுப்பாலதான் ஒட்டிக்கிச்சு.

இதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்டான வகைக்கு 'டெக்ஸ்டுரா'ன்னு பேர். லத்தீன்ல 'நெசவு'ன்னு அர்த்தம். தறியில பாவு நூல் ஓடறதைப் பார்த்திருப்பீங்களே... கறுப்பு ஒரு இழை, வெள்ளை ஒரு இழை, ரெண்டும் ஒரே அகலம். அப்படித்தான் அந்தப் பக்கமும் இருக்கும். பார்க்க அழகு. படிக்க? 'மினிமம்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தையையே எடுத்துக்கங்க. ஏழு எழுத்து. டெக்ஸ்டுராவில் எழுதினா ஒரே மாதிரி 15 குச்சிகள் வரிசையா நிக்கும், அவ்வளவுதான்! எங்கே 'எம்' முடியுது, எங்கே 'ஐ' ஆரம்பிக்குதுன்னு கடவுளுக்கே வெளிச்சம். அதனாலதான் சின்ன 'ஐ' தலையில ஒரு சின்னக் கீற்று போட்டு அடையாளம் காட்டற பழக்கம் பரவிச்சு. இன்னிக்கு நீங்க போடற புள்ளி அந்தக் கீற்றோட பேரன்!

1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துல குட்டன்பெர்க் பைபிளை அச்சடிச்சார் இல்லையா, அவர் அச்சுக்கு எடுத்துக்கிட்டதும் இந்த டெக்ஸ்டுராதான். புதுசா ஒரு எழுத்தை யோசிக்கணும்னு அவருக்குத் தோணலை. கையெழுத்துப் பிரதி மாதிரியே இருந்தாத்தான் ஜனங்க புத்தகம்னே ஒத்துப்பாங்க. அதுக்காக ஒரே எழுத்தை ஒல்லியா, குண்டா, ஒட்டினாப்லன்னு விதவிதமா வார்த்து வெச்சார். எழுத்து, குறியீடு, சுருக்கம் எல்லாம் சேர்த்து அவரோட அச்சுகள் 300-ஐ நெருங்கும். வேண்டிய இடத்துல வேண்டியதைச் செருகி 42 வரியையும் ஓரத்துல நூல் பிடிச்ச மாதிரி முடிச்சார். நாம இப்போ 'ஜஸ்டிஃபை' பட்டனை ஒரு கிளிக்ல அமுக்கிட்டு டீ குடிக்கப் போறோம்!

பேருலேயே வில்லங்கம்

'காத்திக்'ங்கிற பேர் இருக்கே, அது ஒரு திட்டு. மறுமலர்ச்சிக் கால இத்தாலிய அறிஞர்களுக்கு வட ஐரோப்பியக் கலை பாணிகளே பிடிக்காது. "காத் காட்டுமிராண்டிங்க பண்ணின வேலை"ன்னு இளக்காரமா வெச்ச பேர், இந்த எழுத்துக்கும் ஒட்டிக்கிச்சு. ரோமாபுரியைச் சூறையாடின காத் இனத்துக்கும் இந்த எழுத்துக்கும் ஸ்நானப்ராப்திகூட கிடையாது.

'ஓல்டு இங்கிலீஷ்'ங்கிறது அதைவிடக் கூத்து. இங்கிலீஷ் லிட்ரேச்சர் மாணவர்களுக்குத் தெரியும், ஓல்டு இங்கிலீஷ்னா 'பேவுல்ஃப்' காலத்து மொழி. இந்த எழுத்து அதுக்கெல்லாம் அப்புறம் வந்தது. 1611-ல் கிங் ஜேம்ஸ் பைபிள் முதல் பதிப்பு பிளாக்லெட்டரில்தான் வந்தது. சட்டப் புத்தகங்களும் நெடுநாள் இதே உடுப்புல இருந்துச்சு. லா காலேஜ் மக்களே, சந்தேகத்துக்கே இடமில்லாத அடிப்படைச் சட்டத்தை 'பிளாக் லெட்டர் லா'ன்னு உங்க சார் சொல்றார்ல, அது இங்கேர்ந்து கிளம்பினதுதான். அப்புறம் இங்கிலாந்து மெல்ல ரோமன் எழுத்துக்கு மாறிடுச்சு. பிளாக்லெட்டர், கல்யாணப் பட்டு மாதிரி பீரோவுக்குப் போயிடுச்சு. பத்திரம், சான்றிதழ், கிறிஸ்துமஸ் கார்டுன்னு விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும்.

ஜெர்மனி மட்டும் பீரோவுல பூட்டலை. தினசரி உடுத்திச்சு. அங்கே 1500-களின் தொடக்கத்துல, பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் அச்சடிச்ச புத்தகங்கள் மூலமா 'ஃப்ராக்டுர்'ங்கிற புது வகை வந்துச்சு. 'உடைந்தது'ன்னு அர்த்தம். டெக்ஸ்டுராவோட விறைப்பு கொஞ்சம் தளர்ந்து, யானைத் துதிக்கை மாதிரி சுழிகள் சேர்ந்துச்சு. நானூறு வருஷம் பேப்பர், பாடப்புத்தகம், சமையல் குறிப்பு எல்லாமே அதுலதான்.

இதுல நம்ம ஊருக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஜெர்மன்காரர். அவருக்காக முதலில் தமிழ் அச்செழுத்து வெட்டி வார்த்து அனுப்பினது ஜெர்மனியின் ஹாலே நகரத்துல. அந்த எழுத்துக்களை வெச்சுத்தான் 1714-ல் தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் அறிக்கைகளும் 1710 முதல் அதே ஹாலேயில் ஜெர்மன் மொழியில புத்தகமா வந்துச்சு. எந்த எழுத்துல? ஃப்ராக்டுர்தான்! நம்ம ஊர் மழையையும் மனுஷங்களையும் அந்தக் கால ஜெர்மன் வாசகர்கள் இந்த முறுக்கு மீசை எழுத்து வழியாத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இனிமேதான் சீரியஸான கட்டம். இணையத்துல 'நாஜி ஃபான்ட்'னு தேடினா இந்த எழுத்துதான் முன்னாடி வந்து நிக்கும். ஹிட்லர் படம் எடுக்கிறவங்களும் போஸ்டர்ல இதைத்தான் போடறாங்க. சும்மாவும் இல்லை. 1933-ல் ஆட்சிக்கு வந்த கையோட "இதுதான் ஜெர்மன் எழுத்து"ன்னு நாஜிகள் தூக்கிப் பிடிச்சாங்க. சுழியெல்லாம் சீவின, விறைப்பான புது பிளாக்லெட்டர் ஃபான்ட்கள் அப்போ வந்துச்சு. பின்னாடி வந்த டிசைனர்கள் அதுக்கு வெச்ச பட்டப்பேரே 'பூட்ஸ் எழுத்து'.

ஆனா, கதை அங்கே முடியலை. 1941 ஜனவரி 3-ம் தேதி மார்ட்டின் போர்மன், ஹிட்லர் பேர்ல ஒரு சுற்றறிக்கை விட்டார். "காத்திக் எழுத்தை ஜெர்மன் எழுத்துன்னு நினைக்கிறதே தப்பு, அது யூதர்கள் எழுத்து, இனிமே எல்லாம் ரோமன் எழுத்துலதான்"னு உத்தரவு. யூதர்கள் எழுத்துங்கிறது சுத்தப் பொய். ஐரோப்பா பூராவும் பிடிச்ச நாடுகள்ல ஜனங்களுக்கு ஃப்ராக்டுர் படிக்க வரலைங்கிறதுதான் நிஜக் காரணம்னு வரலாற்று ஆசிரியர்கள் பலர் சொல்றாங்க. இதுல ஹைலைட் என்ன தெரியுமா? அந்தத் தடை உத்தரவோட லெட்டர்பேடுல கட்சிப் பேர் அச்சாகியிருந்ததே ஃப்ராக்டுர்லதான்!

சிரிப்பு வருதில்லே? எனக்கும் வந்துச்சு. ஆனா, அதே வருஷம் பள்ளிக்கூடங்கள்ல ஃப்ராக்டுரோடு சேர்ந்து பழைய ஜெர்மன் கையெழுத்து முறையும் போச்சு. அதுக்குப் பிறகு படிச்ச தலைமுறைக்குத் தாத்தா பாட்டி எழுதின கடிதம் புரியலை. மொழி அதேதான், வீடும் அதேதான், ஆனா டிரங்குப் பெட்டியில இருக்கிற லெட்டரைப் படிச்சுச் சொல்ல ஆள் தேடணும். அந்தப் பழைய கையெழுத்தைப் படிக்க இன்னிக்கும் ஜெர்மனியில தனியா வகுப்பு நடக்குது.

ரெண்டு பேரைச் சொல்லிடறேன். ருடால்ஃப் கோக். ஆஃபன்பாக் ஊர்ல கிளிங்ஸ்போர் அச்சு வார்ப்பகத்துக்காக வேலை பார்த்த கையெழுத்துக் கலைஞர். 1920-களில் அவர் வடிச்ச 'வில்ஹெல்ம் கிளிங்ஸ்போர்' ஃபான்ட்டைப் பாருங்க. கோயில் தூண் சிற்பம் மாதிரி ஒவ்வொரு எழுத்துலயும் இழை இழையா வேலைப்பாடு. என் கேட்டா, அலங்கார பிளாக்லெட்டர்ல இதுக்கு மேல ஒண்ணு கிடையாது. அவர்கிட்டே படிச்சவர் பெர்த்தோல்ட் வோல்ப். யூதர். 1935-ல் இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போய், அங்கே 'ஆல்பர்ட்டஸ்'ங்கிற ஃபான்ட்டை உருவாக்கி, ஃபேபர் பதிப்பகத்துக்கு நூத்துக்கணக்கில் புத்தக அட்டை போட்டார். 'யூத எழுத்து'ன்னும் 'நாஜி எழுத்து'ன்னும் சொல்றவங்க இந்த குருவையும் சிஷ்யனையும் எந்தப் பக்கம் நிறுத்துவாங்களாம்?

மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி கிளம்பறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: அங்கே இந்த எழுத்துக்குத் தடையெல்லாம் இல்லை. மருந்துக் கடை வாசல்ல தொங்கற சிவப்பு 'ஏ' பிளாக்லெட்டர் ஸ்டைல்தான். பீர் பாட்டில்ல இருக்கும், பழைய ஹோட்டல் பலகையில இருக்கும். 'ஃபிராங்ஃபுர்ட்டர் ஆல்கமைனெ' பேப்பர் 2007 வரைக்கும் தன்னோட தலையங்கத் தலைப்புக்கே ஃப்ராக்டுர்தான் வெச்சிருந்துச்சு. ஆனா, நவ-நாஜி கும்பல்களும் டி-ஷர்ட்டுல இதைத்தான் மாட்டிக்கிட்டுத் திரியுது. அதனால, அர்த்தம் தெரியாத ஜெர்மன் வார்த்தை இந்த எழுத்துல இருக்கிற டி-ஷர்ட்டை 'சூப்பரா இருக்கே'ன்னு வாங்கி மாட்டிக்கிட்டு ரயில் ஏறாதீங்க. முதல்ல டிக்‌ஷனரி, அப்புறம் பில்!

பேப்பர் முதல் பனியன் வரை

அமெரிக்காவுல இதோட வாழ்க்கையே வேற. 'நியூயார்க் டைம்ஸ்' தலைப்பு எழுத்து பிளாக்லெட்டர்தான். 1967-ல் அந்தத் தலைப்பு முடிவுல இருந்த முற்றுப்புள்ளியை எடுத்துட்டாங்க. வருஷத்துக்கு 41 டாலர் சொச்சம் மை மிச்சம்னு கணக்கு வேற! 'வாஷிங்டன் போஸ்ட்', 'லெ மோந்த்', லண்டன் 'டெலிகிராஃப்' எல்லாம் இதே குடும்பம். "நாங்க பழைய ஆளு, நம்பலாம்"னு வாயைத் திறக்காமலே சொல்ற எழுத்து.

அதே எழுத்து லாஸ் ஏஞ்சலஸ்ல மெக்ஸிகன் வம்சாவளிப் பசங்க கையில போனதும் "இது எங்க ஏரியா"ன்னு சொல்லிச்சு. சுவர்ல தன் தெருவோட பேரை இதுல எழுதினாங்க. இறந்துபோன நண்பனோட பேரையும் ஸ்வெட்ஷர்ட்ல இதே எழுத்துல அடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. அந்த நினைவுச் சட்டை ஸ்டைலைப் பார்த்துத்தான் காலி டிவிட்ங்கிற கலைஞர் 2016-ல் கான்யே வெஸ்ட்டோட 'லைஃப் ஆஃப் பாப்லோ' சட்டைகளுக்கு எழுத்து வடிச்சார். உலகம் பூரா காப்பி அடிச்சாங்க. நம்ம ஊர் பஜார்ல தொங்குற 'காத்திக் பிரின்ட்' டி-ஷர்ட்டுக்குப் பின்னால யாரோ ஒரு அம்மா அழுத அழுகை இருக்குங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்?

ராக் ரசிகர்களுக்கு விளக்கவே வேணாம். 1977-ல் மோட்டார்ஹெட் முதல் ஆல்பத்துலேயே பிளாக்லெட்டர் வந்தாச்சு. தேவையே இல்லாம 'ஓ' தலையில ரெண்டு புள்ளி வேற, சும்மா டெரர் காட்டறதுக்கு! அதே வருஷம் ஏசி/டிசி-க்கு ஜெரார்டு ஹுவெர்ட்டா வரைஞ்ச லோகோவுக்கு இன்ஸ்பிரேஷன் குட்டன்பெர்க் பைபிள். சாமி புத்தகத்துலேர்ந்து சாத்தான் பாட்டு வரைக்கும் ஒரே எழுத்து... எப்படி இருக்கு கதை?

மேத்ஸ் டிபார்ட்மென்ட்டை விட்டுட்டா கோவிச்சுப்பாங்க. லீ அல்ஜீப்ராவுக்குச் சின்ன 'ஜி' போடறீங்களே, அது ஃப்ராக்டுர்தான். ஜெர்மன் கணித மேதைகள் விட்டுட்டுப்போன சொத்து. போர்டுல அதை எழுதத் தெரியாம புரொஃபசர் ஏதோ ஒரு சுழி சுழிச்சுட்டு, "இது ஃப்ராக்டுர் ஜி-ன்னு வெச்சுக்கங்கப்பா"ன்னு நழுவுவாரே! 2001-ல் யூனிகோடில் இந்தக் கணித எழுத்துக்களுக்குத் தனி இடம் கொடுத்தாங்க. இன்ஸ்டாகிராம் பயோவுல ஸ்டைலா தெரியுதேன்னு நீங்க காப்பி பண்ணிப் போடற காத்திக் எழுத்து ஃபான்ட்டே இல்லை, கணிதக் குறியீடு! பார்வையில்லாத உங்க ஃப்ரெண்ட் ஸ்க்ரீன் ரீடர்ல உங்க பேரைக் கேட்டா, அது ஒவ்வொரு எழுத்துக்கும் "மேத்தமேட்டிக்கல் ஃப்ராக்டுர்..."னு நீட்டி முழக்கும். இல்லாட்டி ஒண்ணுமே சொல்லாம தாண்டிடும். பேரை மட்டுமாவது சாதா எழுத்துல விடுங்களேன்.

ஒரு வார்த்தை போதும்

சரி, பயன்படுத்தவே கூடாதான்னா... தாராளமா பண்ணுங்க. தலைப்புல ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல். தேதி, இடம், போன் நம்பரெல்லாம் சாதாரண ஃபான்ட்ல. எழுத்துக்கு நடுவுல ஸ்பேஸ் கொடுத்து இழுக்காதீங்க. நெருக்கமா நெய்ததைப் பிரிச்சா கந்தல்தான். 1928-ல் 'கௌடி டெக்ஸ்ட்'ங்கிற அழகான பிளாக்லெட்டரை வடிச்ச அமெரிக்கர் ஃப்ரெடரிக் கௌடி, அப்படி இழுக்கிறவன் ஆடு திருடவும் தயங்க மாட்டான்னு திட்டினதா டிசைனர்கள் நடுவுல ஒரு பேச்சு உண்டு.

பச்சை குத்தறதுன்னா இன்னும் ஜாக்கிரதை. வருஷம் போகப் போக தோலுக்குள்ள மை பரவி கோடு தடிக்கும். இந்த எழுத்தோட உயிரே கோட்டுக்கு நடுவுல இருக்கிற வெள்ளை இழைதான். சின்னதா குத்தினா அது அடைஞ்சு, அம்மா பேர் பார்கோடு மாதிரி ஆயிடும். குத்தறதுக்கு முன்னாடி அதே சைஸ்ல பிரின்ட் எடுத்து, உங்க அம்மாவைத் தெரியாத அஞ்சு பேர்கிட்டே காட்டுங்க. அஞ்சு பேரும் சரியாப் படிச்சா கையை நீட்டுங்க.

இல்லே, கையால எழுதிப் பார்க்கணும்னு ஆசையா? செலவே இல்லை. ரெண்டு பென்சிலைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்க. ரெண்டு முனையும் ஒரே மட்டத்துல இருக்கணும். அதுதான் உங்க பட்டை நிப்பு. முனைகளைப் பேப்பர்ல 45 டிகிரி சாய்வா வெச்சு, கடைசி வரைக்கும் அந்தக் கோணத்தை மாத்தாம, மேலிருந்து கீழே இழுங்க. எழுத்தோட உயரம், நிப்பு அகலம் மாதிரி அஞ்சு மடங்கு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல, கோட்டோட அகலம் எவ்வளவோ அவ்வளவே இடம். கோடு தொடங்கற இடத்துலயும் முடியற இடத்துலயும் சாய்வா ஒரு சின்ன வைரக்கல். இதே மாதிரி 15 கோடு போட்டீங்கன்னா 'மினிமம்' ரெடி. மேலே ரெண்டு புள்ளி வைக்க மறந்துடாதீங்க!